கடலுக்குள் வேலி

அண்ணை கடலுக்குப் போய் முப்பது மணித்தியாலமாகிறது. வல்வெட்டித்துறைக் கரையில் அவரைத் தேடப் போகும் படகுக்கு மார்க்கண்டர் எண்ணெய் ஊற்றுகிறார். இந்தியாவுக்கும் எங்களுக்கும் நடுவே ஒப்பந்தம் போட்ட எல்லையை என் அட்லஸில் பென்சிலால் கீறிக் காட்டுகிறேன். மாலை வெயில் அதில் விழுகிறது. "கடலுக்கையும் வேலி போட்டிட்டாங்கள். முந்தி வேதாரணியத்திலை இரவுப் படம் பாத்திட்டு விடிய வந்திடுவம்," என்று சிரிக்கிறார். அப்படி வந்த ஒரு விடியலில் அண்ணை தந்த கண்ணாடி வளையல் என் கையில் கிணுங்குகிறது. "கோட்டுக்கு இங்காலைதான் தேடலாம், பிள்ளை. தாண்டினால் எங்களையும் பிடிப்பாங்கள்." அண்ணையின் மனைவி, என் மச்சாள், சிரிக்கவில்லை. கொட்டிலில் ஈரம் படாமல் தொங்கும் அண்ணையின் வலையைப் பார்த்தபடி நிற்கிறாள். இயந்திரம் உறுமுகிறது. அவள் தண்ணீருக்குள் இறங்கிப் படகின் விளிம்பைப் பிடிக்கிறாள்.

"இங்காலை தேடாதேங்கோ, மாமா. அவர் மீனுக்குப் போகேல்லை. அக்கரைக்குப் படம் பாக்கப் போனவர்."