மூன்றாவது பேட்டரி

அந்த வீட்டுக் கணினியை மூன்றாவது முறையாகத் திறந்தேன்.

"மறுபடியும் தேதி தப்பா காட்டுது தம்பி. காலையில எங்க வீட்டுக்காரர்தான் போட்டு வைக்கிறார், நான் வந்து உக்கார்ந்தா மெயிலே திறக்க மாட்டேங்குது," என்றார் அந்த அம்மா. வீட்டிலிருந்தே புத்தகங்களுக்குப் பிழை திருத்தித் தருபவர். மெயில் திறக்காவிட்டால் அவருக்கு வேலை ஓடாது.

உள்ளே நாணயம் அளவுக்கு ஒரு பேட்டரி. கணினி அணைந்திருக்கும்போது கடிகாரத்தை ஓட்டுவது அதுதான். ஏற்கெனவே இரண்டு முறை மாற்றிவிட்டேன்.

இந்த முறை கழற்றாமல் மீட்டரை வைத்தேன். முழுசாக மூன்று வோல்ட். கல்லுக்குண்டு மாதிரி இருந்தது.

எனக்கு என் மேலேயே எரிச்சல் வந்தது. தேதி தப்பு என்றதும் பேட்டரியை மாற்றிவிட்டுக் கிளம்பியிருக்கிறேனே தவிர, அது என்ன தேதி என்று ஒருமுறைகூடப் பார்க்கவில்லை.

எதையும் திருத்தாமல் கணினியைப் போட்டேன்.

மார்ச் பதினான்கு. நான்கு வருடத்துக்கு முந்தையது.

பேட்டரி செத்திருந்தால், கணினி செய்யப்பட்ட வருடத்தின் ஜனவரி ஒன்றுக்குப் போயிருக்கும். இப்படி நடுவில் ஒரு நாளில் வந்து நிற்காது. யாரோ கையால் மாற்றுகிறார்கள் என்று சொல்ல வாயெடுத்தேன்.

அதற்குள் ஸ்பீக்கரில் ஒரு பெண் பேசினாள்.

"ஹாப்பி பர்த்டே அப்பா. இன்னிக்காவது அந்தக் கிழிஞ்ச சட்டையைக் கழட்டுங்க. அம்மா, நீயாவது சொல்லேன்."

அப்பாவின் பிறந்தநாளன்று கணினியைப் போட்டால் மட்டும் பேசும்படி அவர்கள் மகள் செய்து வைத்தது. அந்த வருடமே அவள் இறந்துபோனது தெருவுக்கே தெரியும்.

அந்த அம்மா நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றார். நான் திருப்புளியைத் தேடுகிற மாதிரி குனிந்துகொண்டேன்.

வாசலில் செருப்புச் சத்தம். பால் பாக்கெட்டோடு அவர் கணவர் உள்ளே வந்தார். சட்டைக் காலர் நைந்து கிழிந்திருந்தது. திறந்து கிடந்த கணினியைப் பார்த்ததும் முகம் வெளுத்துவிட்டது.

"என்ன தம்பி, பேட்டரிதானே?"

நான் பதில் சொல்வதற்குள் அந்த அம்மா முந்திக்கொண்டார்.

"ஆமா. இனிமே சரியாகாதாம். பரவால்ல, தெனமும் தேதியை நான் மாத்திக்கிறேன்."

பால் பாக்கெட்டை அவர் கையிலிருந்து வாங்கிக்கொண்டார்.

"நீங்க முதல்ல அந்தக் கிழிஞ்ச சட்டையைக் கழட்டுங்க."

அவர் மனைவியைப் பார்க்கவில்லை. ஸ்பீக்கரையே பார்த்துக்கொண்டிருந்தார்.