பிடிவாதக்காரி

தீப் பாதுகாப்புப் பொறியாளராகப் பதிவு பெற அவளுக்கு அதுதான் கடைசி நேர்காணல். தேர்வுக்குழுத் தலைவர் கோப்பிலிருந்து ஒரு பழைய கடிதத்தை உருவினார்.

"தீப்பிடிச்சா புகையைத் தடுக்கற படிக்கட்டுக் கதவு தானா மூடிக்கலைன்னு ஹோட்டல் திறப்பு விழாவையே பதினோரு நாள் தள்ளிப்போட வெச்சிருக்கீங்க. 'பிடிவாதக்காரி, இவளுக்குப் பதிவே தரக்கூடாது'ன்னு முதலாளி எழுதியிருக்காரே?"

"தள்ளிப்போட வெச்சது நிஜம்தான் சார். நாளைக்கே கேட்டாலும் அதையேதான் செய்வேன்."

தலைவர் இன்னொரு கடிதத்தைப் பக்கத்தில் வைத்தார். 'அந்தப் பிடிவாதக்காரிக்கு உடனே பதிவு கொடுங்கள். என் புதுக் கட்டடத்துக்கு அவர் கையெழுத்துதான் வேண்டும்.' கீழே அதே முதலாளியின் பெயர்.

"இதென்னம்மா கூத்து?"

"அது ஊரார் தங்குற ஹோட்டல் சார். இப்போ கட்டறது அடுக்குமாடி. ஆறாவது மாடியில அவர் மகளும் பேரப்பிள்ளைங்களும் குடியேறப்போறாங்க."