நாற்பத்தோராவது குடுவை

புது மருந்துகளைச் சோதிக்க, நாற்பது நோயாளிகளின் ரத்தப் புற்றுநோய்ச் செல்களை ஆய்வாளர் எஸ்தர் குடுவையில் வளர்க்கப் பார்த்தாள். நாற்பதும் சில வாரங்களில் செத்தன. நாற்பத்தோராவது மட்டும், லாரி ஓட்டுநர் இசக்கிராஜின் எலும்பு மஜ்ஜையிலிருந்து எடுத்தது, எட்டு மாதமாகப் பெருகிக்கொண்டே இருந்தது. சிவப்பு ஊட்டநீர் மஞ்சளானால் செல்களுக்குப் பசி என்று பொருள். தீபாவளியன்றும் பொங்கலன்றும்கூட வந்து மாற்றி ஊற்றினாள். "வேற செல் ஏதாவது உள்ள புகுந்திருக்கும்," என்றார்கள் பக்கத்து மேசைக்காரர்கள். நோய் தீர்ந்து மறுபடி லாரியேறிவிட்ட மனிதரைத் தேடிப்பிடித்து, கன்னத்தின் உட்புறத்தைப் பஞ்சால் தடவியெடுத்து, மரபணுவை ஒப்பிட்டாள். அச்சு அசலாகப் பொருந்தியது. ஆய்வகமே எழுந்து கைதட்டியது.

சேதி கேட்டு வந்த இசக்கிராஜ் நுண்ணோக்கியில் குனிந்தார். செல்கள் மணிமணியாய்க் கொழுத்துக் கிடந்தன.

"எனக்கு ஒரு வாய்ச் சோறு எறங்க விடல. இதுகளுக்கு நீங்க தெனமும் சாப்பாடு போடுதியளோ மேடம்?"

"இன்னைக்குத்தாண்ணே முதல்முதலா மருந்து குடுக்கப் போறோம். புது மருந்து. முதல் சொட்டை நீங்க விடுறீங்களா?"

அவர் முகக்கவசமும் கையுறையும் மாட்டிக்கொண்டார். கையுறைக்கு மேலே, ஊசி குத்திக் குத்திக் கறுத்துப்போன நரம்பு தெரிந்தது. மருந்து நிரப்பிய சொட்டுக்குழாயைக் கையில் எடுத்தார். செல்கள் மிதந்த தட்டைப் பார்த்து, ஊசி போடவரும் நர்ஸின் கொஞ்சல் குரலில் சொன்னார்:

"பயப்படாதீங்க. எறும்பு கடிச்ச மாதிரிதான் இருக்கும்."