வசைக்காரன்

"இன்னிக்கும் அந்தக் கிறுக்கன் நுழைஞ்சுட்டான்" என்றபடி ரலிட்சா காலணியைக் கழற்றினாள்.

பல்கேரியாவின் ரூசே நகரச் செய்தித்தளம் ஒன்றில் அவளுக்கு மாதாமாதம் ஒப்பந்தம் புதுப்பிக்கும் வேலை. அந்தச் சம்பளத்தில்தான் வீடு ஓடியது. வாசகர் கருத்துப் பகுதியில் நகரத் தலைவரைத் தினமும் திட்டும் பெயரில்லாத ஒருவனைத் தடுக்க வேண்டும். அதற்காக ஐம்பது வயதில் ரெஜெக்ஸ் கற்றாள். ஒரே சொல் எந்த வேஷத்தில் வந்தாலும் பிடிக்கும் குறிகள் அவை. வேலை இழந்த கணவன் வெலிச்கோதான் வாத்தியார்.

"என்ன பண்ணான்?"

"நேத்து நீ சொன்ன மாதிரியே எழுதினேன். நடுவுல புள்ளி வெச்சா மாட்டுவான். இன்னிக்கு 'கழுதை'க்கு நடுவுல நட்சத்திரம் போட்டிருக்கான், கடங்காரன்."

"விவரமான ஆளுதான்." சூப்பை நகர்த்தி வைத்தான். "சாப்பிடு. நட்சத்திரத்தைப் பிடிக்கக் கத்துக்கலாம்."

"மண்டையில ஏறல வெலிச்கோ."

"ஏறும்."

அடுத்த வாரம் வெலிச்கோவுக்குக் குடலிறக்க அறுவை சிகிச்சை நடந்தது. ஐந்து நாளாக ஒரு வசையும் வரவில்லை.

செய்தித்தளத்தின் ஆசிரியர் தோன்ச்சேவ் அவள் கையைக் குலுக்கினார். "ஜெயிச்சுட்டீங்க! திங்கக்கிழமை வரைக்கும் அவன் வரலைன்னா இந்த வேலைக்கே ஆள் தேவையில்ல. இந்த மாசத்தோட முடிச்சுக்கலாம்."

மாலையில் மருத்துவமனைக்குப் போனாள்.

"வந்தானா?" என்றான் வெலிச்கோ.

"எப்படி வருவான்?" கட்டில் ஓரம் மெதுவாக உட்கார்ந்தாள். "நீதான் இங்க படுத்திருக்கியே."

அவன் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டான்.

"செல்லைக் கொடு" என்று கை நீட்டினாள். "திங்கக்கிழமைக்குள்ள அவன் வந்தாகணும். நீ கடைசியாச் சொல்லிக்கொடுத்ததுல எங்க ஓட்டை விட்டிருக்கே?"