தேசி மரத்தடிக் குழி

கையில் கற்பூரம் இல்லை. ஆகையால் சிகரெட் லைட்டரைக் கொளுத்திப் பிடித்துக்கொண்டு சத்தியம் செய்கிறேன்: இதில் ஒரு சொல்லும் பொய் கிடையாது.

அந்த மத்தியானம், நாகபூசணி தன் முதலாளி சிஞ்ஞோரேக்கு என்று நினைத்துத் தோண்டிய குழி, அவரை மல்லாத்திப் படுக்கவைத்தால் மூக்கு மட்டும் வெளியே தெரியும் ஆழத்துக்கு வந்திருந்தது. சாக்கை உள்ளே உருட்டினாள். சாக்குக்குள் எதுவோ நொறுங்கியது.

மண்ணைத் தள்ளி மூடி, ஏறி மிதித்தாள். படலையடியில் காவல் நின்ற பெனடிக்ற் மெதுவாகக் குரல் கொடுத்தான்.

"அக்கா, முடிஞ்சுதோ?"

"முடிஞ்சுது. அந்தாள் இனி எழும்பமாட்டார்."

அந்த ஆள் அப்போது இத்தாலியின் பலேர்மோ துறைமுகத்தில், கப்பலில் வந்த நீல ஓடுகளை லொறியில் ஏற்றிக்கொண்டிருந்தார். எல்லாம் அவருடைய புதிய நீச்சல் குளத்துக்கு. சாக்குக்குள் போனவை நாகபூசணியின் மண்பாண்டங்கள்: கீரைச்சட்டி, பருப்புச்சட்டி, தைப்பொங்கல் பானை.

விஷயம் இதுதான். மொண்டெல்லோக் கடற்கரைக்குப் பின்னால், மலையடிவாரத்தில் சிஞ்ஞோரேயின் தோட்டம். அங்கே வீட்டுவேலை செய்த நாகபூசணி, ஒரு தேசி மரத்தடியில், எலுமிச்சை நிழலில், வைரவர் சூலம் நட்டு, வெள்ளிக்கிழமைகளில் விளக்கு வைத்து வந்தாள். குளம் வெட்ட வேண்டும் என்று சிஞ்ஞோரே சூலத்தைப் பிடுங்கினார்.

பிடுங்கியதோடு விட்டிருக்கலாம். சூலத்தின் மூன்று முனையிலும் பன்றி இறைச்சியைக் குத்தி நெருப்பில் வாட்டினார். "நாகா, உன் கடவுள் நல்ல முள்ளுக்கரண்டி வைத்திருக்கிறார்!" என்று விருந்தாளிகள் முன் சிரித்தார். பிறகு கழுவச் சொல்லி அவளிடமே நீட்டினார்.

அவள் கையுறை போட்டுக்கொண்டு, சூலத்தைப் புளியால் தேய்த்துக் கழுவினாள். போய்த் தலை முழுகினாள். அடுத்த நாள் பஸ்ஸில் பெனடிக்ற்றிடம் சொன்னாள்: "அவர் அந்தக் குளத்திலை கால் நனைக்கக் கூடாது."

மொண்டெல்லோவில் ஒரு சாப்பாட்டுக் கடையின் குசினியில் வேலை செய்யும் பெனடிக்ற்றுக்கு ஊர் நடப்பு எல்லாம் தெரியும். "லேசான வேலை அக்கா. நிலத்துக்குள்ளை ரெண்டு பழஞ்சட்டித் துண்டு வந்தால் காணும். தொல்பொருள் கந்தோர் வந்து காணியைப் பூட்டிப்போடும்."

அப்படித்தான் அந்தக் குழி. மூடிய கையோடு நாகபூசணி கட்டளை போட்டாள்.

"இதைப்பற்றி இனி நீயும் கதைக்காதை, நானும் கதைக்கமாட்டன். பிடிபட்டமோ, ரெண்டு பேற்றை வதிவிட பெர்மெஸ்ஸோவையும் பறிச்சுக்கொண்டு ஊருக்கு ஏத்தி விடுவாங்கள்."

மண் வெட்டும் இயந்திரம் வந்தது. சட்டித் துண்டுகள் மேலே வந்தன. இயந்திரக்காரன் நல்ல பிள்ளையாகக் கந்தோருக்குத் தகவல் கொடுத்தான்.

தூரிகையும் வாளியுமாக வந்து இறங்கினார் தொல்பொருள் ஆய்வாளர் மார்த்தினா. ஒரு சட்டித் துண்டை எடுத்து முகர்ந்தார். எல்லாத் துண்டுகளையும் வாளியில் போட்டு ஓரமாக வைத்துவிட்டு, இன்னும் கீழே தோண்டச் சொன்னார்.

ஆள் உயர ஆழத்தில் அடுப்புச் சாம்பலும், ஒரு குவியல் ஆட்டெலும்பும் வந்தன. "ரோமர்களின் கடைசிக் காலத்துக் குடியானவர்கள் இங்கே குடியிருந்திருக்கலாம்," என்றார் மார்த்தினா. "எலும்பை ஆய்வகத்துக்கு அனுப்பினால் வயது தெரிந்துவிடும்."

கோப்பித் தட்டோடு வந்த நாகபூசணி அதைக் கேட்டாள். அன்று பஸ்ஸில் பெனடிக்ற்றின் காதில் சொன்னாள்: "எலும்பின்ரை வயசு பாக்கினமாம்." அவன் வெளிறிப்போய், உதட்டில் விரலை வைத்தான்.

முடிவு வரும்வரை நாகபூசணி உடுப்புப் பெட்டியைக் கட்டியே வைத்திருந்தாள். பெனடிக்ற் சாந்தா ரொசாலியாவுக்கு மெழுகுதிரி ஏற்றி ஏற்றி, கோயில்காரர்களே அவனை விசாரிக்கத் தொடங்கிவிட்டார்கள்.

ஒரு காலையில் மார்த்தினா துள்ளிக்கொண்டு வந்தார். "ஆயிரத்து அறுநூறு வருடத்து ஆடு!"

தோட்டத்தைச் சுற்றிக் கம்பிவேலி எழும்பியது. நீல ஓடுகள் வெயிலில் கிடந்தன. பழக்கதோஷத்தில் வேலிக்குள் கால் வைத்த சிஞ்ஞோரேயை நாகபூசணி மறித்தாள்.

"சிஞ்ஞோரே, இது இப்போது அரசாங்கத்தின் இடம். கேட்டுவிட்டு வாருங்கள்."

"என் தோட்டத்துக்குள் வர நான் யாரிடம் கேட்க வேண்டும்?"

"முதலில் வைரவரிடம்."

அவர் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு திரும்பியதை, கண் இமைக்காமல் பார்த்து முடித்தாள். அதற்குப் பிறகுதான் சூலத்தைத் தேசி மரத்தடியில் திரும்ப நட்டாள்.

மாலை பஸ்ஸில் பெனடிக்ற் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். "அக்கா, போன மாசத்து ஆட்டுக்கு ஆயிரத்து அறுநூறு வயசாம்! விசர் மெஷின்!"

"மெல்லக் கதை. ஆனாலும் நீ கெட்டிக்காரன்டா. சட்டி மட்டும் போதாதெண்டு உங்கடை குசினி எலும்பையும் கொண்டந்து தாட்டிருக்கிறாய். எனக்கொரு சொல்லுச் சொன்னியே?"

பெனடிக்ற்றின் சிரிப்பு பாதியில் நின்றது. "நானோ? அண்டைக்குப் பிறகு நான் அந்தப் பக்கமே வரேல்லை. நீங்கள் சாப்பிட்டுப்போட்டு அந்தச் சாக்குக்குள்ளை போட்ட எலும்பெல்லோ அது?"

நாகபூசணி அவனைத் திரும்பிப் பார்த்தாள்.

"டேய், நான் பிறந்ததிலையிருந்து மரக்கறிதானேயடா."