சர்வரின் இடது கன்னம்

சர்வருக்குப் புது ஆபரேட்டிங் சிஸ்டம் போட யோசனை கேட்டு, ஓய்வு பெற்ற என்னை ஆபீசுக்குக் கூப்பிட்டிருந்தார்கள். பட்டுக்கரை வேட்டியோடு போனேன். அந்த சர்வர் என்னைத் தவிர யாருக்கும் மசியாது. நான் தும்மினால் அதன் விசிறிகள் ஒரு கணம் நின்று நலம் விசாரிக்கும். அணைத்துப் போட்டால், இடது கன்னத்தில் நான் ரெண்டு தட்டு தட்டினால்தான் கண் விழிக்கும். என் மனைவி பங்கஜவல்லி அதைச் சக்களத்தி என்றே சொல்வாள். என் இடத்துக்கு வந்திருக்கும் மதிவதனி, "முதல்ல ஒரு தடவை ஆஃப் பண்ணிப் போட்டுப் பார்ப்போம் சார். எழுந்தாத்தான் மேற்கொண்டு பிளான்," என்றாள். அணைத்துப் போட்டாள். திரை கறுப்பாகவே கிடந்தது. எனக்குள் நாதஸ்வரமே கிளம்பிவிட்டது. "நகரும்மா, அதுக்கு என் கை படணும்," என்று நான் எழுந்திருப்பதற்குள், அவள் குனிந்து அதன் வலது பக்கத்தைப் புறங்கையால் மெல்லத் தடவினாள். திரையில் வெளிச்சம் வந்தது. "இப்பல்லாம் தட்டினா அதுக்குப் பிடிக்கிறதில்ல சார்," என்றாள். விசிறிகள் அவள் பக்கமாகவே சுற்றின. வேண்டுமென்றே தும்மிப் பார்த்தேன், ஒன்றும் நிற்கவில்லை. வீட்டில் சாப்பிட உட்கார்ந்ததும் பங்கஜவல்லி கேட்டாள்: "எழுந்துச்சா?"

"எழுந்துச்சு."

"யார் தொட்டு?"

நான் குனிந்து ரசம் சாதத்தைப் பிசைந்தேன். அவள் சிரிக்கவில்லை. கல்யாணமான நாளிலிருந்து இதற்காகவே பொரித்து வைத்திருந்தவள்போல, என் தட்டில் இன்னொரு அப்பளத்தை வைத்துவிட்டு, பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.