பக்கத்து ஆளின் குதிகால்

டாக்டர் அறைக்கு வெளியே பெஞ்சில் பக்கத்தில் இருந்தவர் மாசிலாமணியின் காதுக்குள் கத்தினார். "டாக்டர் பின்னால நின்னு பேசிப் பாப்பாரு, அண்ணே. அசையாம உக்காந்திருங்க. ஊனமுற்றோர் பென்ஷன் கெடச்சிரும்."

அசையாமல் இருப்பதில் என்ன சிரமம்? பீரங்கி அவர் காதுகளைத் தின்று ஒன்பது வருடம் ஆகிறது.

உள்ளே, திறந்த கதவைப் பார்த்து நாற்காலி கிடந்தது. டாக்டர் முதுகுக்குப் பின்னால் போனார். மாசிலாமணிக்கு ஒன்றும் விழவில்லை, கல்லாக உட்கார்ந்திருந்தார். திடீரென்று வெளியே பெஞ்சிலிருந்த மூன்று முன்னாள் சிப்பாய்களும் எழுந்து, 'சாவ்தான்' என்ற ஆணைக்கு நிற்பதுபோல் விறைத்து நின்றார்கள். மறுகணம் அவரும் எழுந்து விறைத்து நின்றார்.

காது போனபின் பட்டாளத்தில் நாலு வருடம் அப்படித்தான் ஓட்டினார். பரேடில் பக்கத்து ஆளின் குதிகால் சேர்ந்தால் தன்னுடையதையும் சேர்ப்பார். யாரிடமும் சொன்னதில்லை.

டாக்டர் முன்னால் வந்து தாளில் எழுதியதை மாசிலாமணி தலைகீழாகவே படித்துவிட்டார்: 'சாவ்தான்' என்றதும் எழுந்து நின்றார். காது கேட்கிறது.

"எனக்குக் கேக்கல, சார்."

டாக்டரின் உதடுகள் அசைந்தன. என்ன பதில் என்று தெரிந்துகொள்ள மாசிலாமணி வெளியே நின்ற மூவரையும் பார்த்தார். மூன்று பேரும் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.